படிவம் இரண்டுக்கு ஒரு நாவல்

"டீச்சர், இந்தக் கதையில எல்லாரும் கடைசி வரைக்கும் அழுதுகிட்டேதான் இருப்பாங்களா?"

கேட்டவள் படிவம் இரண்டில் படிக்கும் பதினான்கு வயதுப் பெண். பள்ளியின் வலைப்பந்துக் குழுவில் கோல் போடுகிறவள். நல்ல உயரம், குரலும் அப்படியே. கேட்டுவிட்டு நாவலை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தவள் நான். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்துக் கதை. லயத்து வீடு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் வாளி, சாராயம், சாவு. நான் பிறந்ததும் அப்படியொரு தோட்டத்தில்தான். அம்மாவும் அப்பாவும் பால்மரம் சீவினார்கள். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் அந்த நாவலைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் அதே மாதிரித் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். கித்தா மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகு, சாலையோரத் தாமான் குடியிருப்புகளில் சின்னச் சின்ன வீடுகளாக வாங்கிக் குடியேறியவர்கள். தங்கள் கதை என்று பிள்ளைகள் அள்ளிக்கொள்வார்கள் என நம்பியிருந்தேன்.

"அழுவுறது மட்டுமா கதை? இன்னும் நாலு பக்கம் படிச்சுப் பாரு" என்றேன்.

"இல்ல டீச்சர், எங்க அத்தை தெனமும் வீட்டுல இதத்தான் சொல்றாங்க. தோட்டத்துல அப்படிக் கஷ்டப்பட்டோம், இப்படிக் கஷ்டப்பட்டோம்னு. இங்க வந்தும் அதேதானா? போசான் லா."

எங்கள் பிள்ளைகளுக்குச் சலிப்பைச் சொல்ல இந்த மலாய்ச் சொல்லை விட்டால் வேறு சொல் கிடையாது. வகுப்பில் பாதித் தலைகள் 'போசான்' என்று ஆமோதித்து ஆடின. முன்வரிசையில் ஒருவன் மட்டும் கையைத் தூக்கினான். குண்டு உடம்பு, ஓயாத வாய். கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் வாசித்துவிடுவான். உணவுக்கடையில் பொட்டலம் கட்டிய செய்தித்தாளைக்கூட விரித்து வாசித்துக்கொண்டே சாப்பிடுவான்.

"நான் முடிச்சிட்டேன் டீச்சர். ரெண்டு தடவ. கடைசியில அந்தத் தாத்தா செத்துருவாரு."

"அலாமாக்!" என்று வகுப்பு முழுதும் கத்தியது. கொஞ்ச நஞ்சம் படித்துக்கொண்டிருந்தவர்களும் நூலை மூடினார்கள்.

ஈப்போவிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் வகுப்புக்கு முறையான நேர அட்டவணையில் இடமில்லை. கடைசி மணி அடித்து மற்றப் பிள்ளைகள் எல்லாம் பேருந்து ஏறிய பிறகு, பசியோடும் வியர்வையோடும் இவர்கள் தமிழுக்கு வந்து உட்காருவார்கள். சன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்று. அந்தப் பக்கம் கல்லுடைக்கும் சத்தம். இந்த நிலையில் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகாமல் தமிழ் வகுப்பில் இருக்கிறது என்றாலே அதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும். நான் கொடுத்தது தலையணை மாதிரி ஒரு நூல்.

ஆசிரியர் அறையில் சொன்னபோது, மற்ற தமிழாசிரியை சிரித்தார். "எதுக்கு இவ்வளவு பாடு? ரெண்டு பக்கத்துல சுருக்கம் அடிச்சுக் குடுத்துடுங்க. அதுக்கு மேல இதுங்க படிக்காது. படிவம் ரெண்டுதானே, பெரிய பரீட்சைகூட இல்ல."

அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. பல ஆண்டுகள் பார்த்துச் சலித்துப்போய்ச் சொன்னார். எனக்குத்தான் ஒப்பவில்லை. பரீட்சை இல்லாத ஆண்டில் படிக்காவிட்டால் பிறகு எப்போது படிப்பார்கள்? படிவம் நான்கில் பாதிப் பேர் தமிழை விட்டுவிடுவார்கள். அதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தமிழ் நாவலையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்க வேண்டும். சுருக்கத்தை அல்ல, நாவலை. அன்று காரில் வீட்டுக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். எந்த நாவல் என்பதுதான் தெரியவில்லை.

அடுத்து வந்த சனி, ஞாயிறுகள் எல்லாம் அதற்கே போயின. ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு புத்தகக் கடை உண்டு. முன்பக்கம் பூசைப் பொருள், பஞ்சாங்கம், பயிற்சி நூல்கள்; பின்பக்கம் தூசியோடு நாவல்கள். கடைக்காரர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காந்தே பாருங்க டீச்சர், யாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல" என்றார்.

பார்க்கப் பார்க்கத்தான் இந்த வேலையின் கடினம் புரிந்தது. நல்ல நாவல் என்று நான் மதிக்கிறவற்றில் முதல் இருபது பக்கம் மழையும் மரமும்தான். அதற்குள் என் கோல் போடும் பெண் தூங்கிவிடுவாள். இளையோருக்கு என்று எழுதியவற்றிலோ ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் யாராவது ஒரு பெரியவர் வந்து அறிவுரை சொல்கிறார். முன்வரிசைப் பையன் இரண்டாம் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவான். சிலவற்றில் தமிழ்நாட்டு வட்டாரப் பேச்சு. எனக்கே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. சிலவற்றில் எழுத்து எறும்பு அளவு. ஒன்றில் முதல் அத்தியாயத்திலேயே அண்ணன், தம்பி, சித்தப்பா என்று ஊரே வந்து நின்றது. இவர்கள் எல்லாரையும் நினைவில் வைத்திருக்கக்கூடிய பிள்ளைக்கு நான் நாவல் தேடவே தேவையில்லை.

வேகமாகப் படிக்கிறவனையும் படிக்கவே மாட்டேன் என்கிறவளையும் ஒரே நூலுக்குள் உட்காரவைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனி நூல் கொடுப்பது எளிது. ஆனால் அப்படிச் செய்தால் வகுப்பில் பேசுவதற்கு என்ன மிஞ்சும்?

கடைசியில் ஐந்து நாவல்களைத் தேர்ந்தெடுத்து, அட்டைகளைப் பழைய செய்தித்தாளால் மூடி வகுப்புக்குக் கொண்டுபோனேன். "பேரு தெரியாது, எழுதினவங்க தெரியாது, படம் தெரியாது. முதல் ரெண்டு பக்கம் நான் படிப்பேன். நிறுத்துனதும் யாருக்கு மேல கேக்கணும்னு தோணுதோ, கையத் தூக்குங்க."

முதல் நாவலுக்கு முன்வரிசையில் மட்டும் ஒரு கை. இரண்டாவதற்கு ஆசிரியர் மனம் நோகக் கூடாதே என்று நான்கைந்து கைகள். மூன்றாவது நாவல் ஒரு மலைச்சாலையில் தொடங்குகிறது. மழையில் பேருந்து பழுதாகி நிற்கிறது. பயணிகள் உள்ளேயே தூங்கிப்போகிறார்கள். பொழுது விடிந்து நடத்துநர் எண்ணிப் பார்த்தால் ஓர் ஆள் குறைகிறது. அதோடு நிறுத்திவிட்டு நூலை மூடினேன்.

"அப்புறம்?" என்றது பின்னாலிருந்து அந்தப் பெரிய குரல்.

அவள் கையைத் தூக்க மறந்திருந்தாள்.

மற்ற இரண்டையும் வாசித்தேன். யாரும் காது கொடுக்கவில்லை. "டீச்சர், அந்த பஸ் கதை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முடிவு எடுத்தாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் மட்டும் இன்னும் சரி சொல்லவில்லை.

ஏனென்றால் அந்தக் கதையை நான் முழுக்கப் படித்திருந்தேன். காணாமல் போன பயணி ஒரு தாய். அவளை யாரும் கடத்தவில்லை, கொல்லவும் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த கணவனையும் குழந்தையையும் பேருந்திலேயே விட்டுவிட்டு, மலையின் மறுபக்கம் இறங்கி, வேறொரு ஊரில் வேலை தேடிப் போய்விடுகிறாள். முன்வரிசைப் பையனைப் போன்றவர்களுக்கு ஒரு சவாலாக இருக்கட்டும் என்றுதான் ஐந்தில் ஒன்றாக வைத்திருந்தேன். அது வெல்லும் என்று எதிர்பார்க்கவில்லை. அதுவும் அந்தக் கோல் போடும் பெண்ணின் குரலால் வெல்லும் என்று.

அவளுடைய அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர். போனவர் திரும்பவில்லை; எப்போதாவது தொலைபேசியில் பேசுவதோடு சரி. அவள் ஆரம்பப்பள்ளியில் இருந்தபோது நடந்தது அது. தாமான் முழுக்கத் தெரிந்த விஷயம். யாரும் அவள் முன்னால் பேசாத விஷயம். அப்பாவும், அப்பாவின் அக்காவும்தான் அவளை வளர்க்கிறார்கள்.

நூலை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றினால் ஏன் மாற்றினேன் என்று அவளுக்குத் தெரியாமலா போகும்? மறுநாள் வலைப்பந்துப் பயிற்சி முடிந்து அவள் திடலோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த நாவல் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். முடிவையே சொல்லப்போறேன், பரவாயில்லையா?"

"சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவள் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

"ஏன் போனாங்கன்னு அதுல எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. எல்லாமும் இல்ல. கொஞ்சம்."

"அப்ப அதையே படிக்கலாம் டீச்சர்." பிறகு, வேறு ஏதோ ஒரு சின்ன விஷயம் போல, "ஆனா எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லாதீங்க. மலாய்னா ஓடும். தமிழ் சூசா, கஷ்டம்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் ஆறாண்டு மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் எழுத்தை வாரத்தில் ஓரிரு மணி நேர வகுப்பில் கற்றவள். நாவல் பிடிக்காமல் கவிழ்த்து வைத்ததில் பாதி உண்மை. மீதி, அவளால் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை. வாய் பேசும் வேகத்தைப் பார்த்து, கண்ணும் அப்படியே ஓடும் என்று நானாக எண்ணியிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் அந்த மாதிரிதான் என்பது பிறகு தெரிந்தது.

அதனால் முறையை மாற்றினேன். ஒவ்வோர் அத்தியாயத்தின் முதல் பகுதியை நான் வாசிப்பேன். மீதியை அவரவர் வீட்டில். யாரையும் எழுப்பிப் படிக்கச் சொல்வதில்லை. கடைக்காரர் கோலாலம்பூரில் விசாரித்து எல்லாருக்கும் படிகள் வரவழைத்துக் கொடுத்தார். பேருந்துக் கதை தொடங்கியது.

மூன்றாவது வாரம் துணை முதல்வர் கூப்பிட்டனுப்பினார். அவர் மலாய்க்காரர், நல்ல மனிதர், சண்டை வராமல் பள்ளி நடக்க வேண்டும் என்பதே அவர் கவலை. ஒரு தாயார் புகார் செய்திருப்பதாகச் சொன்னார். குடும்பத்தை விட்டு ஓடும் பெண்ணின் கதையைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்களாமே? ஒன்று, நூலை மாற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பெற்றோரிடமும் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டு நடத்துங்கள். இரண்டாவது வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன் என்று எண்ணித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"பேசிவிட்டு வருகிறேன்" என்றேன்.

புகார் சொன்னவர் முன்வரிசைப் பையனின் அம்மா. அவனுக்கு நூல் கிடைத்த அன்றே முழுவதையும் முடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்து கதையை ஒப்பித்திருக்கிறான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை. ஈப்போ நகரத்துக்குள் பழைய வீடு. அந்த அம்மா தேநீரும் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், கோவிக்கக் கூடாது. என்ட பிள்ளை இதை ஒரு பின்னேரத்தில வாசிச்சு முடிச்சிட்டான். அவனுக்கு இது காணாது. மற்றது, தாய் பிள்ளையை விட்டுட்டுப் போறது எண்டு ஒரு கதை. இதில என்ன படிக்க இருக்கு?"

"அவனுக்கு இது போதாதுங்கறது உண்மை. அவனுக்குன்னு இன்னொரு நாவலும் தர்றேன், கடினமானது. ஆனா இதையும் அவன் எங்களோட படிக்கணும்."

"ஏன்? அதுதான் முடிச்சிட்டானே."

"கதையை முடிச்சிட்டான். மத்தவங்க அதைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு அவனுக்கு இன்னும் தெரியாது."

அவர் சொன்னதில் தவறு என்று ஒன்றுமில்லை. என் பிள்ளையாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். கடைசியில், "சரி, வகுப்பில வாசிக்கட்டும். ஆனா அந்தப் புத்தகம் என்ட வீட்டுக்கு வர வேண்டாம்" என்றார். நான் அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டேன். அவனுடைய படி என் மேசை இழுப்பறையில் இருக்கும். வகுப்பில் மட்டும் கொடுப்பேன்.

மற்ற வீடுகளில் பெரிதாகச் சிக்கல் இல்லை. "நீங்க பாத்துப் பண்ணுங்க டீச்சர்" என்று அனுப்பிவிட்டார்கள். சிலர் நாவல் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒருவர், "சினிமாவா வந்துருக்கா?" என்றார். கோல் போடும் பெண்ணின் வீட்டை மட்டும் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன்.

அந்தத் தாமானுக்கு மூன்று பக்கமும் செம்பனைதான். நான் போன நேரம் மழை விட்டிருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி வீட்டெதிரே நின்றது. அவளுடைய அப்பா சக்கரங்களுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டுச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"என்ன டீச்சர், ஏதாச்சும் அடிதடியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. நல்ல புள்ள. வகுப்புல ஒரு கதைப் புத்தகம் படிக்கிறோம், அது விஷயமா உங்ககிட்ட பேசணும்."

உள்ளே வரச் சொன்னார். அவருடைய அக்கா கோப்பி கலக்கப் போனார். அவள் வீட்டில் இல்லை, பயிற்சிக்குப் போயிருந்தாள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தேன். கதையை அப்படியே சொன்னேன். பேருந்து, மழை, குறைந்துபோன ஆள், அந்த ஆள் யார் என்பது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"அந்தப் புத்தகத்துல," என்று தொடங்கினார், "புருசன் நல்லவனா, கெட்டவனா?"

"ரெண்டும் கலந்துதாண்ணே. அடிக்கிறவன் இல்ல, குடிக்கிறவனும் இல்ல. ஆனா அவ பேசுனா காது குடுத்துக் கேக்க மாட்டான்."

அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. அக்கா கோப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வேற புத்தகமே கெடைக்கலையா டீச்சர்? அது பாவம், இப்பத்தான் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுத் திரியுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்க பொண்ணுகிட்ட முடிவ முன்னாடியே சொல்லிட்டேன் அக்கா. தெரிஞ்சேதான் படிக்கலாம்னு சொன்னா. நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னா மொத்த வகுப்புக்கும் நிறுத்திடுறேன். அவள மட்டும் வெளிய உக்கார வைக்க மாட்டேன்."

அக்கா தம்பியைப் பார்த்தார். அவர் கோப்பியை ஒரு மடக்குக் குடித்தார்.

"படிக்கட்டும்" என்றார். "அவ என்கிட்ட எதுவும் கேக்க மாட்டேங்குறா. கேட்டாலும் நான் கோவப்படுவேன். புத்தகம் கோவப்படாதுல்ல."

வெளியே வந்து காரில் ஏறினேன். அவர் திரும்பவும் குழாயைத் திறந்து லாரியைக் கழுவத் தொடங்கியிருந்தார். மறுநாள் துணை முதல்வரிடம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டேன் என்று சொன்னேன். அவர், "சரி, நடத்துங்கள்" என்றார்.

நாவலை முடித்த அன்று வகுப்பில் எதையும் எழுதச் சொல்லவில்லை. மேசைகளை வட்டமாகப் போட்டு, "அந்த அம்மா செஞ்சது சரியா?" என்று மட்டும் கேட்டேன்.

முன்வரிசைப் பையன் தயாராக வந்திருந்தான். "தப்பு டீச்சர். புள்ளைய விட்டுட்டுப் போறதுக்கு எந்தக் காரணமும் சரி கிடையாது. அந்த அம்மாவுக்குப் பாசமே இல்ல. ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல."

சிலர் அவன் பக்கம், சிலர் மறுபக்கம். 'புருசன்தான் தப்பு' என்றது ஒரு பெண். 'பேசி முடிச்சிருக்கலாம்' என்றான் இன்னொருவன். நான் கோல் போடும் பெண்ணைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"பாசம் இல்லன்னு யார் சொன்னா?" என்றாள் திடீரென்று. "போறதுக்கு முன்னாடி புள்ளைக்குப் போத்தி விட்டாங்க."

"இல்ல. அப்படி எங்கயும் வரல" என்றான் பையன். "நான் மூணு தடவ படிச்சிருக்கேன்."

"வருது லா."

"அப்ப காட்டு."

அவள் நூலை எடுத்துப் புரட்டினாள். வகுப்பு காத்திருந்தது. அவள் தேடியது கதையின் முடிவில் அல்ல, தொடக்கத்தில். நான் சத்தமாக வாசித்த பகுதிக்கு அடுத்து, அந்த இரவைத் திரும்பச் சொல்லும், அவரவர் வீட்டில் படிக்க விட்ட பக்கத்தில். விரலை வரியின் கீழே வைத்தாள். என்ன செய்யப்போகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படித்தாள்.

"போர்... வையை... இழுத்து..."

ஒவ்வோர் எழுத்தாக வந்தது. 'குழந்தையின்' என்ற சொல்லில் இரண்டு முறை தடுக்கியது. யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் இருந்தவளிடம் முழங்கையால் ஓர் இடி வாங்கி நிறுத்தினான். சன்னலோர இருக்கைப் பெண் ஒருத்தி, பக்கத்தில் தூங்கும் குழந்தையின் போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிடுகிறாள் என்று ஒரே ஒரு வரி. அப்போது அவள் யாரென்றே வாசகருக்குத் தெரியாது. பேருந்தில் இருக்கும் பலரில் ஒருத்தி. வேகமாகப் படிக்கிறவர்கள் கடந்துபோகும் வரி. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது நினைவில் இல்லை.

அவள் முடித்துவிட்டு நூலைப் பையன் பக்கம் தள்ளினாள். அவன் குனிந்து அந்த வரியைப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"நான் இதப் பாக்கவே இல்ல" என்றான். அவன் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில், "இருந்தாலும் போனது தப்புதான்" என்றான்.

"நான் சரின்னு சொல்லல" என்றாள் அவள். "பாசம் இல்லன்னு சொல்லாதன்னுதான் சொல்றேன்."

கதவுக்கு வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பேசிக்கொண்டே பை கட்டினார்கள்.

எல்லாரும் வாசகர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் நடுவிலேயே விட்டுவிட்டு, நண்பர்களிடம் கதை கேட்டு ஒப்பேற்றினார்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது என்று இன்னமும் தேடுகிறேன். முன்வரிசைப் பையனுக்குக் கொடுத்த கடினமான நாவல் அவனுக்கு உண்மையிலேயே கடினமாக இருந்தது. முதல் முறையாக ஒரு நூலை மெதுவாகப் படித்தான். அதைப் பற்றி என்னிடம் மூக்கால் அழுதான். அவன் அம்மா ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த நாவல் எது என்று முன்கூட்டியே தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். "நானும் வாசிக்க வேணும்" என்றார். கண்காணிக்கவா, ஆசையிலா என்று நான் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறை முடிந்து வந்த முதல் வாரத்தில், திடலுக்குப் போகும் வழியில் அவள் என்னோடு நடந்து வந்தாள்.

"டீச்சர், அம்மாகிட்ட போன்ல கேட்டேன். ஏன் போனீங்கன்னு."

நான் நின்றேன். "என்ன சொன்னாங்க?"

"புத்தகத்துல உள்ள மாதிரி சொல்லல. வேற சொன்னாங்க." பந்தை ஒரு முறை தரையில் தட்டிப் பிடித்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை; மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. ஒரு காரியத்தைச் செய்து முடித்தவள் முகமாக இருந்தது. குழுவினர் கூப்பிட்டார்கள். ஓடினாள்.

இப்போது அவர்கள் படிவம் மூன்று. இந்த முறை செய்தித்தாள் சுற்றிய நூல்களைப் படித்துக் காட்டியது நான் அல்ல, அவர்களே. ஆளுக்கு இரண்டு பக்கம். அவளும் படித்தாள், எழுத்துக்கூட்டித்தான், ஆனால் நிற்காமல். வாக்கெடுப்பில் நான் மிகவும் விரும்பிய நாவல் தோற்றுப்போனது. வென்றது ஒரு பேய்க் கதை. கைவிடப்பட்ட ஆலை, பூட்டிய அறை, யாரோ நடக்கும் சத்தம். எனக்குப் பேய்க் கதைகள் பிடிக்காது. அந்த நடையும் எனக்கு உவப்பானதல்ல. மாற்றச் சொல்லலாம். எனக்கு அந்த அதிகாரம் உண்டு.

கடைக்காரரைக் கூப்பிட்டு எத்தனை படிகள் வேண்டும் என்று சொன்னேன். பிறகு சன்னலோரம் உட்கார்ந்து, பேய் வரும் முதல் அத்தியாயத்தைப் பென்சிலோடு படிக்கத் தொடங்கினேன்.